உயரத்தில் நின்றுபோன நாற்காலி

என் மருமகளுக்குக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் நூலக்கா. அவள் வெட்டி முடித்தால் முடியின் கீழ்வரிசை நூல் பிடித்தாற்போல நிற்கும். அளவெல்லாம் வைத்துப் பார்க்க மாட்டாள். ஒரு கண்ணைச் சுருக்குவாள், அவ்வளவுதான். ஆள் மட்டும் குள்ளம். என் தோளுக்குத்தான் வருவாள், நானும் ஒன்றும் நெட்டையில்லை.

கடை என் வீட்டுக்காரருடையது. தெருவைப் பார்த்த ஒரே அறை, ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி. அவர் நல்ல உயரம். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று நாற்காலியின் மிதியை மிதித்து மிதித்து உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தார். ஒருநாள் உள்ளே எண்ணெய் ஒழுகி நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நல்லதாப் போச்சு, இனி இதை மிதிக்கிற வேலை மிச்சம்" என்றார். சாகும்வரை அந்த உயரத்தில்தான் வெட்டினார்.

அவர் போனபின் கடை பூட்டிக் கிடந்தது. என் மகன் லாரி ஓட்டுகிறவன், கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாது. பூட்டைத் திறந்தவள் இவள்தான். கல்யாணத்துக்கு முன்பே பெண்களுக்கு முடி வெட்டப் பழகியிருந்தாள். ஆறே மாதத்தில் வாசலில் பெண்கள் உட்கார்ந்து காத்திருக்கும்படி செய்துவிட்டாள்.

முதல் வருஷமே கேட்டாள்.

"அத்தை, இந்த நாற்காலி எனக்கு ரொம்ப ஒசரம். வேற ஒண்ணு போடலாமா?"

"உங்க மாமா கைபட்ட நாற்காலி. ஒசரமா இருந்தா நீ வளந்துக்கோ" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால் போட்டு அதன்மேல் நின்று வெட்டினாள். "என்னடி, மேடையேறிப் பேசப் போறியா?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒருத்திக்குக் கால் தடுக்கியது. அதையே சாக்காக வைத்துப் பலகையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டேன்.

ஆறு வருஷம். உயரமான பெண் உட்கார்ந்தால் இவள் முழங்கை காது உயரத்துக்குப் போகும். முடி உலர்த்தும் மிஷினைத் தூக்கிப் பிடித்தபடி கால்மணி நேரம் அசையாமல் நிற்பாள். நான் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வலி வந்தது வலது மேல்கையின் வெளிப்பக்கத்தில். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதிவழியில் சுரீர் என்று பிடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் குறைந்துவிடும். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். எனக்கு இது புரியவில்லை. வலித்தால் முழுக்க வலிக்க வேண்டாமா? பாதியில் வந்து பாதியில் போகிற வலி என்ன வலி? மகனிடம் போனில், "வேலை கசக்குது போல அவளுக்கு" என்று சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. மறுநாள் இடது கையால் வெட்டப் பார்த்தாள். வரிசை கோணியது. வந்தவள் நல்லவள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு "பரவாயில்லக்கா" என்று சொல்லிப் போனாள். திரும்ப வரவில்லை.

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. உடுப்பின் பின்பக்கக் கொக்கியை மாட்டக் கை போகவில்லை. "அத்தை, கொஞ்சம் மாட்டி விடுங்க" என்று ஒருநாள் முதுகைக் காட்டி நின்றாள். வாய்விட்டு உதவி கேட்கிறவள் இல்லை அவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்ததும் நான் செய்ததாவது சரியாக இருந்ததா? எண்ணெய் காய்ச்சி, கட்டை விரலால் அழுத்தி, கையைப் பிடித்துத் தலைக்குமேல் இழுத்தேன். அலறினாள். "கத்து, கத்தினாத்தான் வலி வெளிய போகும்" என்றேன். வலி கூடியது. சரி, அசையாமல் வைத்தால் ஆறும் என்று பழைய போர்வையைக் கிழித்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினேன். கடையைச் சாத்தினோம். ஐந்து வாரம். நான் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. அவிழ்த்தபோது அவள் கை விலாவை விட்டு ஒரு சாண்கூடத் தள்ளி வரவில்லை.

லாரியிலிருந்து மகன் வந்தான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நானும் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார். சின்னப் பெண், நிதானமாகப் பேசினாள்.

"தோளுக்கு மேல ஒரு எலும்பு கூரை மாதிரி இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற சந்துலதான் கையைத் தூக்குற நார் போகுது. கையை ஒசத்தி வச்சே வேலை செஞ்சா அந்தச் சந்துல நார் உரசி உரசி வீங்கிடும். வீங்கினது மறுபடி நசுங்கும். அதான் பாதி தூக்குறப்போ பிடிக்குது." கையை மெல்ல அசைத்துப் பார்த்தாள். "அது மட்டும்னா சீக்கிரம் சரியாயிருக்கும். இப்ப மூட்டே இறுகிப் போயிருக்கு. யாரு இப்படிக் கட்டி வச்சது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நானேதான் கட்டிக்கிட்டேன்" என்றாள் மருமகள்.

தன் கையைத் தானே மார்போடு கட்டி முதுகில் முடிச்சுப் போட யாரால் முடியும்? அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கையைச் சும்மாவும் போடக்கூடாது, ஒசத்தியும் வேலை வாங்கக்கூடாது" என்றாள். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல ஆட்டச் சொன்னாள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கக் காட்டினாள். லேசாக வலித்தால் செய்யலாம், குத்தினால் நிறுத்த வேண்டும். படுக்கையில் கைக்கு அடியில் தலையணை வேண்டும்.

"வெட்டுறப்போ முழங்கை தோளுக்குக் கீழயே இருக்கணும். நாற்காலியை இறக்கிக்கோங்க."

"அது எறங்காதுங்க."

"மாத்திடலாமே?"

"நான்தான் மாத்த விடல" என்றேன். அந்த அறையில் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அடுத்த வாரம் பழைய இரும்பு எடுப்பவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் அழுதேன். மறைப்பானேன், அழுதது அவருக்காகத்தான், இவளுக்காக இல்லை. வந்த புது நாற்காலி தரையோடு தரையாக இறங்குகிறது.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கை தோள் உயரம்வரை தடையில்லாமல் வருகிறது. அதற்குமேல் பிடிக்கிறது. முதல் மாதமே வந்திருந்தால் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியிருக்கலாம் என்றாள் அந்தப் பெண். இப்போது அரைநாள்தான் கடை. உலர்த்தும் மிஷினை வந்தவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

போன வாரம் காலையில் அவள் கதவுக் கைப்பிடியில் பட்டையை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷமாக வாயில் வராதது அன்றைக்கு வந்துவிட்டது.

"எல்லாத் தப்பும் என்மேலதான்டி."

"சரி அத்தை. எண்ணிட்டிருக்கேன், குழப்பாதீங்க" என்றாள். "பதினொண்ணு."

பதினைந்து வரை இழுத்தாள். பட்டையை விட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். வலிக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள்.