படத்துக்கு முன் வைத்த சோறு

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் எங்கள் மாடியில் வசிக்கும் ஜப்பானிய விதவை கத்தோலிக்கர். இன்று அவர் வீட்டுச் சிலுவையின் கீழ், இறந்த கணவரின் படத்துக்கு முன், ஆவி பறக்கச் சோறு வைத்திருந்தார்.

"பாதிரியார் ஏசமாட்டாரா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"எங்கள் ஊர்ப் பாதிரியாரே தன் தாய்க்கு வைப்பார்," என்றார்.

அந்தச் சோற்றின் வாசனை என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது. காய்ச்சலில் இறந்த தம்பியின் படத்துக்கு முன் அம்மா பால்சோறு வைத்தார். மாதா கோவில் மூப்பரான அப்பா அதை எடுத்துக் கோழிகளுக்குக் கொட்டினார்.

"நாங்கள் வேதக்காரர். இஞ்சை படையல் ஒண்டும் வேண்டாம்," என்றார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை பசியோட போனவன்," என்றார் அம்மா.

"செபமாலை சொல்லு, அதுவே காணும்."

அம்மா அதற்குப் பிறகு படைக்கவில்லை. ஆனால் சாகும்வரை, சாப்பிடும்போது அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்.