தையல்காரருக்கு வந்த சக்களத்தன்

பீங்கான்காரி என்றால் எங்கள் தெருவில் ஒருத்திதான். பதினான்கு வருடம் ஒரு பல் மருத்துவரிடம் பொய்ப்பல் செய்தவள். கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளம் பார்த்தே கண் பூத்தவள். நாற்பது வயதில் பல் சலித்துப்போய்ச் சாடிக்கு மாறினாள். சக்கரம் கிடையாது, எல்லாம் கைதான்.

முன்னறையில் கணவரின் தையல் இயந்திரம். பின்னறையில் இவள் மேசை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே மண்ணை வைத்துக் கட்டையால் உருட்டித் தகடாக்குவாள். அடியில் விரித்த துணியோடு புரட்டுவாளே தவிர, ஓரம் பிடித்துத் தூக்கவே மாட்டாள்.

"மண்ணு ஒரு தரம் வளைஞ்சா மறக்காதுங்க. நேராக்கி வச்சாலும் சூளைக்குள்ள ஞாபகம் வந்துடும்" என்பாள்.

ஓரங்களைக் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசி ஒட்டுவாள். சுட்டெடுத்த சாடியின் சுவருக்குப் பின்னால் விரலை வைத்தால் நிழல் தெரியும். அடுத்த வீட்டு அம்மாள் அதன் வழியாகச் செய்தித்தாளே படித்தாள். நம்பாதவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

தையல்காரருக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை. அவர் காய்ச்சலில் நடுங்கிய அன்று, "போர்வைய நீங்களே இழுத்துக்கோங்க" என்றவள், ஓடிப்போய் மண்ணுக்கு ஈரத்துணி போர்த்திவிட்டு வந்தாள்.

பட்டன் தைக்க வரும் அவர் தங்கை சும்மா இருப்பாளா?

"அண்ணே, உனக்கொரு சக்களத்தன் வந்துட்டான்."

"வாய மூடிட்டு பட்டனைத் தை."

"எதிர்த்துப் பேச மாட்டான், சோறு கேக்க மாட்டான். நீ எப்படி ஜெயிப்பே?"

அந்தச் சமயத்தில்தான் நகர மண்டபக் கண்காட்சிக்கு அவளிடம் ஒரே ஒரு பெரிய சாடி கேட்டார்கள். நான்கு சுவருக்கு நான்கு தகடு உருட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். தையல்காரர் உள்ளே நுழைந்தார்.

"அப்படி என்னதான்டா இருக்கு உன்கிட்ட?"

துணிக்கடையில் தரம் பார்ப்பதுபோல ஒரு மூலையைத் தூக்கினார். அது நாய்க்காதாகத் தொங்கியது. பதறிப்போய்க் கீழே படுக்கவைத்து, உள்ளங்கையால் காலரைப்போல் நீவிவிட்டார். சுவடே இல்லை.

சூளையிலிருந்து வந்த சாடியில் மூன்று சுவர் நிமிர்ந்து நின்றன. நான்காவது, மேல்மூலையில் வெளிப்பக்கம் காதை மடித்துக்கொண்டிருந்தது.

அவள் அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு அவரை.

"எந்தக் கையால தூக்கினீங்க?"

"நானா?"

"மூலையைப் பிடிச்சுத் தூக்கிப் பாக்கற ஆள் இந்த வீட்ல யாரு?"

"எந்நேரமும் அதுகூடவே இருக்கே. நான் ஒருத்தன் இருக்கறது கண்ணுல படுதா?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டது. கண்காட்சிக்கு மூன்றே வாரம்தான் இருந்தது.

"கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

புதிதாகத் தகடு உருட்டினாள். சுவர்களை நிறுத்தி, ஒட்டு இறுகும்வரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அழுத்தக் கூடாது, விடவும் கூடாது. முக்கால் மணி நேரம் மனிதர் சிலையாக உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவள் பார்வையெல்லாம் ஒட்டின்மேல்தான். அவருக்கு உள்ளே புகைந்தது.

"மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும்."

"நெஜமாவே அரிக்குதுடி!"

அவள் நிமிர்ந்தாள். முதலில் சாடியில் வழிந்த கூழை விரலால் துடைத்தாள். அப்புறம்தான் அதே விரலால் அவர் மூக்கைச் சொறிந்துவிட்டாள். கொஞ்சம் அதிக நேரமே சொறிந்தாள்.

முன்னறைக்கு வந்தவரைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். "என்னண்ணே, மூக்குல வெள்ளையா?"

அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். துடைக்கவில்லை.