இரண்டு ஆமாம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓய்வூதியம் அந்தப் பெயரில்தான் வருகிறது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் செக்கர் என்றால்தான் தெரியும். வேலைக் காலம் முழுவதும் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுகளைப் பரிசோதித்தவர். ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பதற்கும், ஒருவன் பொய் சொல்லப் போகிறான் என்பதை அவன் வாய் திறக்கும் முன்பே கண்டுகொள்வதற்கும் தாமாகவே பழகிக்கொண்டார். சட்டைப் பையைத் துழாவுகிறவன் பெரும்பாலும் சீட்டு வாங்கியிருப்பான். கேள்வி வந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன் வாங்கியிருக்க மாட்டான்.

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. மளிகைக்கடைத் தராசு, மின்கட்டண மீட்டர், பக்கத்து வீட்டுக்காரரின் திடீர் அன்பு என எதுவும் அதற்குத் தப்பவில்லை. "மாமா, நீங்க கண்ணாடியில மூஞ்சியப் பாத்தாக்கூட டிக்கெட் எங்கேன்னுதான் கேப்பீங்க" என்பார் மனைவியின் தம்பி. வாடகைக் கார் ஓட்டுகிறவர், வாய்க்குப் பஞ்சமில்லாதவர்.

"கேட்டா என்னடா தப்பு?" என்பார் செக்கர்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மனைவிதான். சந்தேகப்பட அவள் இடமே கொடுத்ததில்லை. "சாப்பிடலாமா?" என்றால் "ம்." "கடைசி பஸ்ல போயிடலாம்ல?" என்றால் "ம்." "சுவத்துக்கு இந்தப் பச்சை நல்லாருக்குல்ல?" என்றால் "ஆமா." இப்படி ஒத்துப்போகிற துணை யாருக்கு வாய்க்கும் என்று அவர் உள்ளூரப் பெருமைப்பட்டதுண்டு.

அந்த மனைவியைத்தான் விடாத காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்தார். பக்கத்துக் கட்டிலில் சர்க்கரை நோய்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியை ஓர் இளம் நர்ஸ் செக்கரின் மனைவிக்குப் போட்டுவிட்டாள். செக்கர் அப்போது கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரை நோயே இல்லாத உடம்பு. இரத்தத்தில் இருந்த சர்க்கரை மளமளவென்று இறங்கியது. கழிப்பறைக்கு எழுந்தவள் கண் இருட்டிக் கீழே விழுந்தாள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இடது மணிக்கட்டு முறிந்து, முறிந்த எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் இப்போது துணி பிழிய முடியாது. ஒரு டம்ளரைக்கூட நம்பிப் பிடிக்க முடியாது.

செக்கர் விளக்கம் கேட்டு எழுதினார். மரியாதையான சொற்களில் மருத்துவமனை வருத்தம் தெரிவித்தது. வருத்தத்துக்கு நடுவே ஒரு வரி இருந்தது: ஊசி போடுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, நோயாளி ஆமாம் என்று உறுதிப்படுத்தினார்.

அந்த வரி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊசியைப் போட்டவர்கள் அவர்கள். பழி மட்டும் விழுந்தவளின் தலையிலா? நடந்தது என்ன என்பதில் அவருக்குத் துளியும் ஐயமில்லை. அந்த நர்ஸ் எதையும் கேட்கவே இல்லை. பிறகு மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்க, கேட்டதாகச் சொல்லிவிட்டாள். இதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னார்.

கோணலான எலும்பைத் திருத்தி வைக்கலாம், தள்ளிப்போடத் தள்ளிப்போட விரல்கள் இறுகிவிடும் என்றார் எலும்பு மருத்துவர். தாங்களே செய்து தருவதாக மருத்துவமனையும் சொன்னது. அந்தத் தாராளமே செக்கரை உறுத்தியது.

"கையைச் சரி பண்ணிட்டு வாயை அடைக்கப் பாக்கறாங்க. முதல்ல அந்த வரிய எடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம். என்ன சொல்ற?" என்றார் மனைவியிடம்.

"ம்" என்றாள் அவள், வலது கையால் இடது கையைத் தடவியபடி.

வேறு மருத்துவமனைக்குப் போகலாமே என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். "அங்க போனா, இவங்க நிம்மதியா ஃபைலை மூடிருவாங்கடா" என்று அவர் வாயை அடைத்தார் செக்கர். நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் விரல்கள் இறுகிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மருத்துவமனைக்குப் புதிதாகத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வந்தார். அங்கே வேலை செய்பவர்கள் அவரைக் குவாலிட்டி மேடம் என்றார்கள். மனைவியோடு நேரில் வாருங்கள், பேசலாம் என்று அவர் செக்கரை அழைத்தார்.

வழவழப்பான அறை, மெத்தை நாற்காலி, தட்டில் பிஸ்கட், ஆவி பறக்கும் தேநீர். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்த செக்கர் எதையும் தொடவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து கேட்டார்கள்.

"வந்ததுக்குக் கையெழுத்தா, ஒத்துக்கிட்டதுக்குக் கையெழுத்தா?"

"வந்ததுக்குத்தான் சார்."

"வந்திருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியுதே." பேனாவைத் திருப்பித் தள்ளினார். பிறகு மேசைமேல் இருந்த கைபேசியை உற்றுப் பார்த்தார். மேடம் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"இழுப்பறைக்குள்ள இருந்தாலும் அதுக்குக் காது கேக்கும்" என்றார் செக்கர்.

மேடம் சிரித்துவிட்டார். எழுந்துபோய்க் கைபேசியை வெளியே இருந்த உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இவ்வளவு இறங்கி வருகிறார்களே, இதில் என்ன உள்குத்து இருக்கும் என்று செக்கர் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. ஊசி போட்ட அந்த நர்ஸ் உள்ளே வந்தாள். அவளை எங்கோ மாற்றி மறைத்துவிட்டார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். வந்தவள் அவரைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சீட்டு இல்லை என்று முடிவு கட்டினார் செக்கர்.

"நான் கேட்டேன் சார். பேரைச் சொல்லி, நீங்கதானேம்மான்னு கேட்டேன். அம்மா ஆமான்னாங்க."

"பொய்."

"சத்தியமா சார்."

"டிக்கெட் வாங்காதவன் எடுத்ததும் இந்த வார்த்தையத்தான் சொல்வான்."

அவள் கண்கள் கலங்கின. மேடம் குறுக்கிட்டார். "அம்மா இங்கதானே இருக்காங்க சார். அவங்களையே கேட்டுடலாமே."

இவர்கள் கேட்டால் எதையாவது பிடுங்கிவிடுவார்கள் என்று செக்கர் முந்திக்கொண்டார். "நானே கேக்கறேன்." மனைவியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு உன்கிட்ட பேர் எதுவும் கேக்கல. நேரா வந்து ஊசியப் போட்டா. அப்படித்தானே?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

செக்கர் வென்றவரைப் போல அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நர்ஸ் பொறுக்க முடியாமல் ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. நான் பேர் சொல்லிக் கேட்டேன், நீங்க தலையாட்டி ஆமான்னு சொன்னீங்கல்ல?"

அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டது யார் என்று செக்கருக்கே விளங்கவில்லை. "ரெண்டுல எது நெசம்?" என்று குரலை உயர்த்தினார். அவள் மெல்ல முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் அந்தப் பார்வையை அவர் தேடியதே இல்லை.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "யாரும் அவங்களுக்குப் பதில எடுத்துக் கொடுக்க வேண்டாம். அம்மா, அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

செக்கர் வாயைத் திறந்தார். மேடம் கையை உயர்த்தித் தடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அப்படித் தனக்காக ஓர் அறையே காத்திருப்பது அவளுக்குப் புதிது.

"பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு ஃபேன் காத்து ஒத்துக்கல. எடம் மாத்திக்கலாமாக்கான்னுச்சு. சரின்னேன்" என்று தொடங்கினாள். "இவரு மருந்து வாங்கப் போயிருந்தாரு. இந்தப் பொண்ணு வந்துச்சு. பாவம், விடிஞ்சதுலருந்து ஒத்தையா ஓடிக்கிட்டிருந்துச்சு. வேற பேரைச் சொல்லி, நீங்கதானேம்மான்னு கேட்டுச்சு. பேரு தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது. பேருதானே தப்பு, ஊசி எனக்குத்தானேன்னு நெனச்சேன். இல்லன்னு சொன்னா அது திரும்பப் போய்ப் பாக்கணும், யாராச்சும் திட்டுவாங்க. அதான் ஆமான்னுட்டேன்."

நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் செக்கர்.

"நீங்க கேக்கலையே. 'அவ கேக்கவே இல்லல்ல?'ன்னுதான் சொன்னீங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டீங்க. அப்புறம் எப்படிங்க நான் மாத்தறது?"

செக்கர் கை நீட்டி, ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். குடித்த பிறகுதான் அது அவர்கள் கொடுத்தது என்பது நினைவுக்கு வந்தது.

அந்த வரி உண்மையாகிவிட்டது. இனி இவர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள் என்று மேடத்தின் முகத்தில் சிரிப்பைத் தேடினார். கிடைக்கவில்லை.

"அந்த வரிய எடுத்துடறோம் சார்" என்றார் மேடம்.

செக்கருக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? அதுதான் நெசம்னு ஆயிடுச்சே. இப்ப எதுக்கு எடுக்கறீங்க?"

"வார்த்தை நெசம்தான். பழிதான் தப்பான எடத்துல விழுது. யாருக்கும் ஆமான்னு மட்டுமே சொல்ல வர்ற மாதிரி கேட்டது நாங்க. ஆளைப் பாக்காம கட்டிலைப் பாத்தது நாங்க. அத்தனை பேருக்கும் இந்த ஒரு பொண்ண விட்டதும் நாங்கதான். இனிமே நாங்க பேரைச் சொல்ல மாட்டோம், அவங்கதான் சொல்லணும். மணிக்கட்டுல பேர் எழுதின பட்டை கட்டி, ரெண்டையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் எந்த மருந்தும்."

"எழுத்துல குடுங்க."

கொடுத்தார்கள். வரிக்கு வரி வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாதது அவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

பேருந்தில் திரும்பும்போது புதிய சந்தேகம் ஒன்று அவரைக் குடைந்தது. அதில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவரேதான். இவள் சொன்ன ஆமாக்களில் எத்தனை ஆமா? வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தார்.

"இந்தப் பச்சை உனக்கு..." 'பிடிக்கும்ல' என்று முடிக்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டார். "இந்தப் பச்சை எப்படி இருக்கு?"

அவள் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "குளத்துப் பாசி மாதிரி இருக்கு" என்றாள்.

செக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்துக் கேட்டார். "கையை... எங்க... சரி பண்ணிக்கணும்?"

"அங்கேயே."

"அங்கேயேவா? அவ்வளவுக்கு அப்புறமா?"

"வேற எங்க போனாலும் நீங்கதானேம்மான்னுதான் கேப்பாங்க. நான் ஆமான்னுடுவேன். இங்கதான் இனிமே அப்படிக் கேக்க மாட்டாங்க."

"ம்" என்றார் செக்கர். இருந்தாலும் மச்சானைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அறுவைக்கூடத்துக்குப் பின்வாசல் உண்டா என்று விசாரித்தார்.

அறுவை நாளன்று அவர் கதவருகே காவல் நின்றார். அதே நர்ஸ்தான் வந்தாள். கையில் பட்டையும் எழுதுகோலும் இருந்தன. படுத்திருந்தவளின் அருகே குனிந்தாள்.

"அம்மா, உங்க பேர் என்ன?"

பழக்கத்தில் அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பதில் செக்கரின் நுனிநாக்கில் துடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டு வாங்காத பயணியைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவள் தன் பெயரை முழுதாகச் சொன்னாள்.

"எந்தக் கையில ஆபரேஷன்?"

"இடது கை." சற்று நிறுத்தி, "அந்தப் பட்டைய வலது கையில கட்டும்மா. இதுல கட்டினா வலிக்கும்" என்றாள்.