ஃபெமினா முகர்ந்து பார்த்த சென்சார்

கொடைக்கானலில் ஒருத்தி ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறாள் என்றால் மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சித்திரை மாதத்தில்கூடக் கம்பளி போர்த்தித் தூங்குகிற ஊரில் உனக்கென்ன சோலி என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"குளுர வைக்க யாரு மாட்டுறா பாட்டி? சூடு பண்ணத்தான். டூரிஸ்ட் காட்டேஜ்ல இப்ப அதுதானே ஓடுது" என்றாள் ஃபெமினா.

அவள் செண்பகனூர்க்காரி. அப்பா பரமானந்தம், மிஷன் பள்ளிக்கூடத்தில் வெந்நீர் பாய்லர் பார்த்தவர். இவள் திண்டுக்கல்லுக்குப் போய் ஐடிஐயில் ஃபிரிட்ஜ், ஏசி வேலை படித்தாள். அந்த வகுப்பில் வேறு பெண்பிள்ளை கிடையாதாம். கொஞ்ச காலம் மதுரையில் வேலை பார்த்துவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மலை ஏறிவிட்டாள். ஸ்கூட்டரில் மன்னவனூர் வரைக்கும் போய் வருகிறாள். மழைக்கோட்டு போட்டிருப்பாள், தலைமுடி மட்டும் எப்போதும் நனைந்தே இருக்கும். கல்யாணம் பற்றிக் கேட்டால், "வர்றவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியணும் பாட்டி" என்பாள். நான் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டேன். இன்னும் கேட்பேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது பேத்தியால். என் மகன் தமீம் அன்சாரி பஜாரில் மசாலா, தைலக் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் பிறந்த மஹீரா, நாள் நிறையுமுன்னே அவசரப்பட்டு வந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். எடை கூடுகிற வரைக்கும் அறை வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் சூடான காற்று விடுகிற ஏசி ஒன்றை வாங்கி மாட்டினான். முதலில் நன்றாகத்தான் ஓடியது. நான் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டத் தொடங்கிய பிறகு, காலையில் குளிப்பாட்டி முடித்ததும் காற்று விடுவதை நிறுத்திக்கொள்ளும். மதியம் தாண்டித்தான் மறுபடி மூச்சு விடும். அதற்குள் பிள்ளையின் கால் ஜில்லென்று ஆகிவிடும்.

என் சம்பந்தி இப்ராம்சா மலையடிவாரத்தில், வெயில் காய்கிற வத்தலக்குண்டில் இருக்கிறார். சேதி காதில் விழுந்ததும் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சதும் கார் கொண்டாறேன். மகளையும் பேத்தியையும் கூட்டிட்டுப் போறேன். அங்க ஏசிப் பொட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மலைப்பாதையின் அத்தனை வளைவுகளில் அந்தப் பிஞ்சைக் காரில் இறக்க எனக்கு மனசில்லை. அதைவிட, பேத்தி இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

மகன் ஃபெமினாவைக் கூட்டி வந்தான். வந்தவள் பொட்டியைத் திறக்கவில்லை. ஒரு சின்ன வெப்பமானியைத் தொட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு ரிமோட்டில் எதையோ அழுத்தினாள். பொட்டியின் கணக்குக்கு அறை எவ்வளவு சூடு என்று அதில் தெரியுமாம். எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் மஹ்ஜபின்தான் படித்துச் சொன்னாள்: தொட்டில் பக்கம் பதினெட்டு, பொட்டிக்கு முப்பது.

"ஒரே ரூம்தானே புள்ள? அதுக்கு மட்டும் எப்படிச் சுடுது?" என்றேன்.

"அதத்தான் பாட்டி நானும் யோசிக்கிறேன். ரூம் சூடா இருக்குன்னு நெனச்சு இது சும்மா உக்காந்திருக்கு."

அப்புறம்தான் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஒயரின் நுனியில் மிளகளவுக்கு ஒரு மணி. அதுதான் சென்சார், பொட்டிக்குத் தோல் மாதிரி என்றாள். அதன் மேல் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்திருந்தது. அதை மீட்டரில் மாட்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. சூடு ஏறினால் எண் இறங்க வேண்டுமாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. வாங்கி என் கையில் பொத்திப் பார்த்தேன். எண் அசையவே இல்லை.

"உங்க கையில சூடே இல்ல பாட்டி."

"பிஞ்சுப் பிள்ளைக்குத் துணி அலசுற கை. உன்னை மாதிரி மிஷினைத் தடவுற கையா?"

மஹ்ஜபின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எழுதினால் சரி.

சென்சார் கெட்டுப்போன மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் பிசுக்கு ஏறிவிட்டது, மாற்றிப் பார்ப்போம் என்று புதிதாக ஒன்று போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை, குளிப்பாட்டி முடித்ததும், பொட்டி பழையபடி நின்றுவிட்டது. மகன் வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று கிளம்பினான். நான்தான் தடுத்தேன். "அந்தப் புள்ளையே வரட்டும். அதுக்கு ஏன்னு தெரிஞ்சுக்கிற ஆசை இருக்கு. மத்தவன் மாத்திட்டுப் போயிடுவான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே, மூடுபனியில் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். புதுச் சென்சாரைக் கழற்றினாள். இந்த முறை மீட்டரை எடுக்கவில்லை. மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, தெனமும் காலைல என்ன செய்வீங்களோ அத அப்படியே செய்ங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க." சொல்லிவிட்டு, சென்சாரை இருந்த இடத்தில் மாட்டிவிட்டுக் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சரி என்று செய்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டினேன். சட்டியில் தணல் எடுத்து வந்தேன். பிஸ்மி சொல்லிச் சாம்பிராணி போட்டேன். பிள்ளையை மடியில் கவிழ்த்துத் தலைக்குப் புகை காட்டினேன். எல்லாம் ஆனதும், யார் காலிலும் இடறாமல் சட்டியை மூலையில் தள்ளி வைத்தேன். எங்கள் வீட்டில் சாம்பிராணித் தணலில் தண்ணீர் ஊற்ற மாட்டோம். அது தானாக ஆற வேண்டும். என் மாமியார் காலத்து வழக்கம். மேலே சாம்பல் மூடி வைத்தால் மதியம் வரைக்கும் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும்.

"மாமி, மேல பாருங்க" என்றாள் மஹ்ஜபின்.

சட்டிக்கு நேர் மேலேதான் பொட்டி. பொட்டி மேல்பக்கமாகத்தான் காற்றை உள்ளே இழுக்கும், மிளகுமணி அந்த வழியில்தான் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் எண் ஏறியது, மஹ்ஜபின் படித்தாள். இருபத்தெட்டு. முப்பது. உஸ்ஸென்று காற்று நின்றது. ஃபெமினா எழுந்தாள், கைத்துணியால் சட்டியைப் பிடித்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தாள். எண் மெல்ல மெல்ல இறங்கியது. இருபத்திரண்டுக்கு வந்ததும் பொட்டி இருமினாற்போல ஒரு சத்தம் போட்டது. வெதுவெதுப்பான காற்று என் காலில் பட்டது.

"மோந்து பாத்தப்பவே சாம்பிராணி வாசம் வந்துச்சு. சென்சார் சரியாத்தான் சொல்லுச்சு பாட்டி. சட்டிக்கு மேல இருந்துக்கிட்டு சட்டியோட சூட்டச் சொல்லுச்சு."

"அப்ப என் மேல குத்தம் இல்ல. பொட்டிய அந்த எடத்துல மாட்டுனவன் மேலதான்."

"சரி, அப்படியே வச்சுக்கங்க. ஆனா பாட்டி, கதவெல்லாம் சாத்துன ரூம்ல கரித்தணல் வேணாம். கொழந்தைக்கு மூச்சுக்கு ஆகாது. பொகையும் அதுக்கு ஒத்துக்காது."

"என் புள்ளைகள் அத்தனையும் சாம்பிராணிப் புகையிலதான் வளந்துச்சு."

"அதுக நாள் நெறஞ்சு பொறந்ததுக பாட்டி."

தொட்டிலைப் பார்த்தேன். கைவிரலெல்லாம் கொத்துமல்லித் தண்டு மாதிரி. எடை கூடட்டும், அதுவரைக்கும் புகை வேண்டாம் என்று ஒத்துக்கொண்டேன். வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜும்ஆ முடிந்து, பிறகு மலையேறி, இப்ராம்சா வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அறைக்குள் வந்தவர் சால்வையைக் கழற்றினார். பேத்தியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்டிலில் தொங்கிய வெப்பமானியையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"வத்தலக்குண்டு மாதிரியே இருக்கு" என்றார்.

"அப்ப எதுக்கு அங்க கூட்டிட்டுப் போகணும்? சாப்பிட உக்காருங்க" என்றேன். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் காரில் ஏறினார்.

அதற்கு முன்னே, அன்று காலையில் ஃபெமினா கிளம்பும்போது நான் விடவில்லை. அவள் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் அவள் வைத்த சட்டி அங்கேயே இருந்தது, தணலும் ஆறவில்லை. முக்காலியைப் போட்டு உட்காரச் சொல்லி, பின்னலை அவிழ்த்து, சாம்பலை விலக்கி ஒரு கை சாம்பிராணி போட்டேன்.

"பாட்டி, நான் மூஞ்சிக்கல்லுக்குப் போகணும், அங்க ஒரு ஏசி நின்னு கெடக்கு."

"கெடக்கட்டும். தலைய நிமித்தாதே."