நான் திருப்பிப் பார்க்காத விசிட்டிங் கார்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின்களை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராக நான் இருந்தபோது நடந்தது இது. சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையை நானும் திருநெல்வேலிக்கார நண்பன் ஒருவனும் பகிர்ந்துகொண்டிருந்தோம். ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஷிஃப்ட் மட்டும் எதிரெதிர். இருவருக்கும் காண்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு நாள் அவன் தன் பெயரில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜருக்குக் கார்டு சரி, லைனில் நிற்கிறவனுக்கு எதற்கு?

"எப்படில இருக்கு? பாத்துட்டுச் சொல்லு" என்று ஒன்றை நீட்டினான்.

நீல எழுத்தில் பெயர், வேலை, போன் நம்பர். கச்சிதமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ம், பரவால்ல" என்று ஜன்னல் கம்பியில் செருகிவிட்டேன்.

கேன்டீனில், டீக்கடையில், சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில், எங்கே பார்த்தாலும் அவன் கார்டுதான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டிப் பேசினார். எனக்கு வயிறு எரிந்தது. வேலையில் நான் அவனுக்கு எந்த விதத்தில் குறைச்சல் என்ற நினைப்பில் படுத்தால் தூக்கம் வராது.

அடுத்த வாரமே ஸ்ரீபெரும்புதூரில் அவன் கார்டு அடித்த அதே பிரின்டிங் கடைக்குப் போனேன். அவனுடையதைவிடத் தடித்த அட்டை, தங்க நிற எழுத்து, ஓரத்தில் பல்சக்கரப் படம்.

"பின்னாடி இன்னா சார் போடணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பின்னாடி யாருங்க பாக்கப்போறா? சும்மா விடுங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலைவாய்ப்பு முகாம். அவனுக்கு ஓவர்டைம் வேலை மாட்டிக்கொண்டது. இருபது கார்டை என்னிடம் கொடுத்து, "ஒன்னதக் குடுக்கும்போது என்னதயும் சேத்துக் குடுத்துரு மாப்ள" என்றான். என்னுடையதை மேஜை மேஜையாகக் கொடுத்தேன். அவனுடைய கட்டு என் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. திரும்பி வந்து அதை என் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, எல்லாம் கொடுத்தாச்சு என்றேன். அதற்காக அவன் பரோட்டா வாங்கித் தந்தான். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

முகாமுக்குப் பிறகு எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் ஷிஃப்ட் நேரத்தில். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டால் யார் அழைத்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, அவன் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது, அறையில் என் போன் அடித்தது. பேசியவர் அவன் பெயரைச் சொல்லி விசாரித்தார். ஷேர் ஆட்டோவில் கார்டு கொடுத்தானாம், செட்டர் ஒருவர் உடனே வேண்டுமாம், அவன் போனை எடுக்கவில்லையாம். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

"அவன் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"அப்படியா? அப்ப நீங்க வாங்களேன். கார்டுக்குப் பின்னாடி உங்களப் பத்தியும் போட்டிருக்காரே."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, ஜன்னலில் தூசி படிந்திருந்த அவன் கார்டை எடுத்து முதல் முறையாகத் திருப்பினேன். 'ஷிஃப்டில் இருந்தால் என் போன் லாக்கரில் இருக்கும். அப்போது என் அறை நண்பரை அழைக்கவும். அவரும் செட்டர். என்னைவிட நல்ல வேலைக்காரர்.' கீழே என் பெயர், என் நம்பர்.

பெட்டிக்கு அடியில் நான் புதைத்து வைத்திருந்த இருபதிலும் அதுவே இருந்தது.

அவரைத் திரும்ப அழைத்து, "பொய் சொல்லிட்டேன் சார், அவன் டூட்டியிலதான் இருக்கான்" என்றேன். "ஒரு ஆள்தான் வேணும். அவரையே வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அந்தக் கார்டுக் கட்டை அவன் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதிலிருந்து ஒரு கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "கிறுக்குப் பயலே, ஒன் நம்பரும்லா அதுல இருந்துச்சு" என்றான்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. புது இடத்திலும் அந்த இருபது கார்டுகளை அவன் விடாமல் கொடுத்துவந்தான். காண்ட்ராக்ட் முடிந்து நான் பெட்டி கட்டிய வாரம், அதில் ஒன்றைப் பார்த்துதான் மண்ணூரில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் அவன் சூப்பர்வைசர் ஆனபோதுகூட லேசாக வயிறு எரிந்தது. உடனே பர்ஸிலிருந்து அந்தக் கார்டை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். நான் அவனைப் பற்றிச் சொன்னதும் பொய், என்னைவிட நல்ல வேலைக்காரர் என்று அவன் என்னைப் பற்றி எழுதியதும் பொய். எந்தப் பொய்யை எந்த மனசு சொன்னது என்று நினைக்கும்போது இன்றும் என்னால் தலை நிமிர முடிவதில்லை.