மைனஸ் நாற்பது

பானெட்டைத் திறக்கவே மாட்டார் அந்தோணிராஜ். இன்ஜினை ஓடவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். டீயும் அங்கேதான், மத்தியானம் பரோட்டாவும் அங்கேதான். அருள்புரத்தில் அவர் பட்டறை வாசலில் நிற்கிற வண்டிக்குள் ஓர் ஆள் அசையாமல் இருந்தால் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். காத்திருக்கிறார்.

என் காரில் கோளாறு இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் செத்துக் கீழே விழும். ரேடியேட்டர் ஃபேன் நிட்டிங் மிஷினைவிடச் சத்தமாக இரையும். பத்து நிமிஷத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இரண்டு பட்டறைகளில் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றிப் பார்த்தாயிற்று. கோளாறு மாறவில்லை.

"வந்த ஒடனே மூடியத் தொறந்துருவாவ அண்ணாச்சி. தொறந்தா அது ஒளிஞ்சுக்கிடும்" என்றார். "ஒயர் எங்கயோ விட்டு விட்டுப் புடிக்கி. விடும்போது ஸ்கேனர்ல மைனஸ் நாப்பது காட்டும்."

"இந்த வெயில்லயுங்களா?"

"கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஒயர் அத்துப்போனா, அருள்புரத்துல பனி கொட்டுதுன்னு நெனச்சுக்கிடும்."

சாத்தான்குளம் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருஷமாக இங்கே தனிக்கட்டை. பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்கை. வண்டி துடைக்க என் பனியன் யூனிட்டில்தான் வேஸ்ட் துணி வாங்குவார். கலர் துணி தொட மாட்டார், வெள்ளைதான். எந்த எண்ணெய் கசிகிறது என்று வெள்ளைத் துணிதான் பொய் சொல்லாமல் சொல்லுமாம். துடைத்ததை முகர்ந்தும் பார்ப்பார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் அவர் ஊர் மாதா கோயிலில் சப்பரம். நாலு மணி பஸ்ஸில் சீட்டு எடுத்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. போன வருஷம் ஒரு வேனின் கியர்பாக்ஸ், அதற்கு முந்தின வருஷம் யாருடைய கிளட்சோ அவரைப் போகவிடவில்லை. மத்தியானம் மனைவி ரோஸ்மேரி கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"இந்த வருசமாவது வருவியளா? ஒங்க மவ ஆஷா கேக்கா."

"நாலு மணி பஸ்ஸு. சீட்டு எடுத்தாச்சு."

"போன வருசமுந்தான் எடுத்திய."

போன் அணைந்தது. இவர் ஸ்கேனரைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு டிகிரி, சரியான சூடு.

பல்லடம் வரை மூன்று தடவை போய் வந்தோம். கோளாறு வரவில்லை.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் எத்தன நேரமுங்க இப்படியே உக்காந்திருப்பீங்க?"

"பொண்ணு இன்னும் மூஞ்சியக் காட்டலயே அண்ணாச்சி."

மூன்று மணிக்கு நான் பொறுமை இழந்தேன். "திங்கக்கெழம பாத்துக்கலாமுங்க. சட்டையப் போடுங்க, நானே பஸ்ஸுக்குக் கொண்டோயி உடறேன்."

சட்டையை மாற்றிக்கொண்டு அரை மனசாக ஏறினார். பை காலடியில், ஸ்கேனர் மடியில். கோவில்வழி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வேகத்தடையில் வண்டி குதித்தது. முள் விழுந்தது. ஃபேன் இரைந்தது.

"மைனஸ் நாப்பது! ஓரங்கட்டுங்க!"

அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. ஸ்கேனரை என் கையில் திணித்துவிட்டு, பானெட்டை ஒரு கை நுழையும் அளவு மட்டும் தூக்கி ஒயரை அமுக்கினார். நான் எண்ணைச் சொன்னேன். தொண்ணூற்றி மூன்று. மைனஸ் நாற்பது. மறுபடி தொண்ணூற்றி மூன்று. மூடும்போது பானெட் அழுத்துகிற இடத்தில், ஒயரின் மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தது. இன்ஜினை நிறுத்தி, தோல் சீவி, இணைத்து, டேப் சுற்றி, ஒயரை ஒதுக்கிக் கட்டினார். மணி நாலு பத்து.

"பஸ்ஸு போயிருச்சுங்களே."

"போயிருக்கும்" என்றார், வேறு யாரோ போக வேண்டிய பஸ் மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. தாராபுரத்தில் அந்தப் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். மிதித்தேன். வழி நெடுக அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தார். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கீழே நின்று, மதுரை, திருநெல்வேலி என்று கூவிக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க சாமி, ஓடுங்க!"

அந்தோணிராஜ் சீட் பெல்ட்டை அவிழ்த்தார். பையை எடுத்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். பஸ்ஸைப் பார்த்தார், கரி அப்பிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். மடியில் எண் தொண்ணூற்றிரண்டில் ஆடாமல் நின்றது.

"இன்னும் ஒரு அஞ்சு கிலோமீட்டர் பாத்துட்டா நல்லதுல்லா அண்ணாச்சி."

பிடியிலிருந்து கையை எடுத்து, அவிழ்த்த பெல்ட்டை இழுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.