தேறியிருக்கக் கூடாத பரீட்சை

எங்கள் கட்டடத்தில் முதல் மாடிக்குப் பதினேழு படிகள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான் தினமும் ஏறுவேன். ஒன்பதாவது படியில் முட்டி மக்கர் பண்ணும். அங்கே நின்று மூச்சு வாங்கும்போது மேல்வீட்டில் நடக்கும் பாடம் காதில் விழும். இருபத்திரண்டு வருஷம் விழுந்திருக்கிறது.

அந்த வீட்டம்மாவைத் தெருவில் டியூஷனம்மா என்பார்கள். இரண்டு முறை, மூன்று முறை பெயில் ஆன பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்வார். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணை ஒருவர் கூட்டிவந்தபோது, “இவ தானாவே படிச்சுக்குவா. உங்க பையன் ஒருத்தன் சும்மா சுத்திக்கிட்டிருக்கானே, அவன அனுப்புங்க” என்று திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் படித்தும் தேறாதவர்கள் நான்கே பேர். தேறியவர்கள் பெயரெல்லாம் அவருக்குக் கலந்துபோகும். அந்த நால்வர் பெயர் மட்டும் மறந்ததில்லை.

அவர் கணவர் நகராட்சியில் வால்வுக்காரர். தெருமுனைகளில் இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும் வால்வுகளை நீளமான கம்பியால் திருப்பி, தெருத் தெருவாக முறைவைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. மொத்தம் பதினான்கு வால்வுகள். மனைவியை அவர் கல்யாணமான நாளிலிருந்து “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

நான் நீரேற்று நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் அளவுப் பதிவேடு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை நோட்டில் குறித்துவைக்கும் வழக்கம் போகவில்லை. எங்கள் தெருவின் முறை காலை ஐந்தரை. எட்டு வருஷ நோட்டைப் புரட்டினால் 5.30, 5.31, 5.30 என்றுதான் இருக்கும். அவர் கை அவ்வளவு சுத்தம்.

பிறகு ஒரு மாதத்தில் ஆறு நாள் தவறியது. 5.50. 6.15. ஒரு நாள் வரவே இல்லை. இன்னொரு நாள் மதியம்வரை ஓடிச் சாக்கடையில் கலந்தது. அவர் ஏதோ ஒரு மூடியின் பக்கத்தில் கம்பியோடு நின்று விழித்துக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள். குடி என்று தெரு முடிவு கட்டியது. புகார் எழுதினார்கள். தேதியும் நேரமும் யாரிடம் இருக்கும்? என்னிடம் வந்தார்கள். அடுத்த மாதங்களில் தவறியதையும் சேர்த்துப் பத்தொன்பது பதிவுகளைக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். நான் போட்ட அந்தக் கையெழுத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் இங்கே எழுதினால் கணக்கு நேராகாது.

பணி நேரத்தில் போதையில் இருந்ததாகக் குற்றச்சாட்டு ஓலை வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு டியூஷனம்மா இறங்கி வந்தார்.

“அண்ணா, இந்த மனுஷன் பீடிகூடத் தொட்டதில்ல. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“நேரத்துக்குத்தாம்மா போட்டேன். காரணத்துக்குப் போடல.”

“ரெண்டும் ஒரே தாள்லதான இருக்கு.”

அன்றைக்குத்தான் அவர் எல்லாம் சொன்னார். கணவர் சட்டைக்குமேல் சட்டை போடுகிறார். பதினான்கு வால்வில் எது திறந்தது, எது மூடியது என்று பாதி வழியில் வந்து இவரைக் கேட்கிறார். பாடம் நடக்கும்போது எழுந்து வெளியே போனால் இரண்டு தெரு தள்ளித்தான் பிடிக்க முடிகிறது. ஒன்றரை வருஷமாக இது நடக்கிறது. வெளியே தெரியாமல் இவர் மூடிவைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள், பத்துக் கேள்வி கேட்டார்கள். அல்சைமர் நோய் என்றார் டாக்டர். “அது வயசானவங்களுக்குத்தான வரும்? இவருக்கு அம்பத்தாறுதான ஆகுது” என்றார் டியூஷனம்மா. ஐம்பதுகளிலும் சிலருக்கு வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

டியூஷனம்மாவின் நாத்தனார் வந்து பார்த்தாள். அரைமணி நேரம் இருந்தாள். அந்த அரைமணி நேரமும் வால்வுக்காரர் “அக்கா, அக்கா” என்று அழைத்து, பழைய கதை பேசி, சிரிக்கவும் வைத்தார். எப்போதாவது வருகிறவர்கள் முன்னால் அந்த நோய்க்காரர்கள் சற்று நேரம் அப்படி நிமிர்ந்துகொள்வார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

“என் தம்பி கல்லுக்குண்டாட்டம் இருக்கான். நீதான் அவனுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுற” என்றாள்.

“அண்ணி, ரெண்டு நாள் கூட இருந்து பாருங்க.”

“எனக்கு இடம் மாறினா தூக்கம் வராதும்மா.”

விஷயம் மருத்துவக் குழுவுக்குப் போனது. குழு நோய் என்று சான்றிதழ் கொடுத்தால் மருத்துவ ஓய்வு கிடைக்கும். அதைக் காட்டினால் இந்த நோய்க்காரர்களுக்கான பகல் பராமரிப்பு மையத்தில் இடமும் கிடைக்கும். டியூஷனம்மாவும் நிம்மதியாகப் பாடம் எடுக்கலாம். குடி என்று முடிவு கட்டினால் வேலையே போய்விடும். எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

இந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் ஒரு தவறு செய்தோம். ஒரு டியூஷன் டீச்சரும் ஒரு பதிவேட்டுக்காரனும் சேர்ந்தால்தான் இப்படியொரு தவறு நடக்கும்.

ஆஸ்பத்திரியில் கேட்ட பத்துக் கேள்விகளையும் டியூஷனம்மா நினைவிலிருந்து எழுதிவைத்திருந்தார். என்ன வருஷம், என்ன கிழமை, எந்த மாடியில் இருக்கிறோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, மூன்று வார்த்தைகளை ஐந்து நிமிஷம் கழித்துச் சொல். குடை, சாவி, மரம்.

“அவரு மூணு மார்க் வாங்கிட்டு முழிச்சார்னா, குடிச்சிட்டு வந்திருக்கான்னுதான் நெனப்பாங்க அண்ணா. மனுஷன் மரியாதையா உக்காந்து பதில் சொல்லணும். நோயிருக்குன்னு சொல்லத்தான் படமும் டாக்டர் கடிதாசும் இருக்கே.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒன்பது நாள் இருந்தது. பிள்ளைகள் போனபின் அவர்கள் உட்காரும் பலகையிலேயே அவரை உட்காரவைத்து நடத்தினார். குடை, சாவி, மரம். பல் தேய்க்கும்போது, செருப்புப் போடும்போது, படி இறங்கும்போது, குடை, சாவி, மரம். தினமும் மாலை ஆறு மணிக்கு நான் மேலே போய்ப் பரீட்சை வைத்து மதிப்பெண் குறித்தேன். 3, 3, 4, 4, 6, 5, 7, 8, 9. ஏழு வந்த அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசி நாள் ஒன்பது வாங்கியபோது வால்வுக்காரர், “டீச்சர், நான் பாஸா?” என்றார். டியூஷனம்மா பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

குழு அவருக்கு ஒதுக்கியது பதினொரு நிமிஷம். அங்கேயும் அதே தாள்தான். டாக்டர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் அவர் “குடை, சாவி, மரம்” என்றார். இன்னும் கேட்கவில்லையே என்று டாக்டர் சிரித்தார். ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று எழுதினார். ஒன்பது மதிப்பெண். படத்தில் தெரிந்த சுருக்கம் பலருக்கும் இருப்பதுதான் என்றார்கள். முடிவு: நோயுமில்லை, போதையுமில்லை, பணிக்குத் தகுதியானவர்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். சொல்லிக்கொடுத்துத்தான் இவ்வளவும் வந்தது, முதல் நாள் மூன்றுதான் என்று காட்டினேன். அங்கிருந்த அதிகாரி என் கையெழுத்தை மெச்சினார்.

“ரொம்பத் துல்லியமா வெச்சிருக்கீங்க பெரியவரே. ஒம்போது நாள்ல மூணுலேர்ந்து ஒம்போது. உங்க நோட்டே சொல்லுதே, தேறிட்டாருன்னு. மறதி நோய் வந்தவன் தேறுவானா?”

மறுபரிசோதனை ஒரு வருஷம் கழித்துத்தான் என்றார்.

மறு வாரம் வால்வுக்காரர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. டியூஷனம்மா கூடவே போனார். முதல் நாள் எந்த வால்வு என்று சொல்வதற்காக. மூன்றாம் நாள் கம்பியைப் பிடித்துக் காட்டுவதற்காக. பத்தாம் நாளிலிருந்து அவரே திருப்பினார். வால்வுக்காரர் சீருடையில் பக்கத்தில் நின்றார். பதினான்கு வால்வுக்கும் எத்தனை சுற்று என்று நான் எழுதிக் கொடுத்தேன். டியூஷனம்மா உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு எழுதினார். எழுதிக் காட்டப் பிள்ளைகளும் குறைந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகளில் பதினேழு பேர் நின்றுவிட்டார்கள். “அந்த வீட்டுல ஒரு மாதிரி ஆளு இருக்காராமே” என்று ஒரு தாய் என்னிடமே கேட்டாள். ஒரு மாதிரி என்றால் என்ன என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் நோட்டில் மறுபடி 5.30, 5.31, 5.30. புகாரில் முதல் கையெழுத்துப் போட்ட கடைக்காரர், “பாத்தீங்களா சார், ஒரு மெமோ குடுத்ததும் குடிய விட்டுட்டான். பொண்டாட்டி காவலுக்கே கூடப் போறா” என்றார்.

ஆஸ்பத்திரியில் இந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்காக மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது என்று அந்த வருஷத்தின் நடுவில்தான் தெரிந்தது. வால்வுக்காரரை என்னிடம் விட்டுவிட்டு டியூஷனம்மா போய்வந்தார். முப்பது நாற்காலியில் ஏழு பேராம். மற்றவர்களுக்கு வீட்டை விட்டு வர வழியில்லை. கூட்டம் நடத்தும் நர்ஸம்மா இவர் கதையைக் கேட்டுவிட்டு, “சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டுப் போனீங்களா? பாதிப் பேர் அதத்தான் செய்றாங்க. தலை சீவி, சட்டை மாட்டி, பதில் மனப்பாடம் பண்ணவெச்சு. நீங்க மறைக்கிற வரைக்கும் யாருக்கும்மா தெரியும்?” என்றாராம். அடுத்த முறை பேசாமல் உட்காருங்கள் என்பதுதான் அவர் சொன்ன யோசனை.

“பேசாம உக்கார்றதுன்னா லேசுன்னு நெனச்சேன் அண்ணா” என்றார் டியூஷனம்மா என்னிடம், பிறகொரு நாள்.

மறுபரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை. இந்த முறை நானும் உள்ளே இருந்தேன். தலை சீவவில்லை. சட்டையின் மேல் பொத்தான் கீழ்த் துளையில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டியூஷனம்மா மடியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வி கிழமை.

வால்வுக்காரர் திரும்பினார். “டீச்சர், இன்னிக்கு என்ன?”

அவர் பதில் சொல்லவில்லை.

“டீச்சருக்குத் தெரியும் சார். சொல்ல மாட்டேங்குது” என்று டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

நான்காம் கேள்வியில் சிரிப்புப் போய்விட்டது. “டீச்சர்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். ஆறாவதில் நாற்காலியோடு திரும்பி, “சொல்லு டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க” என்றார். பெயிலான எந்தப் பிள்ளையையும் அப்படி விட்டுப் பழக்கமில்லாத அந்த அம்மாள் தன் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்வுக்காரருக்கு இரண்டு மதிப்பெண்.

டாக்டர் பணிப் பதிவேட்டைப் புரட்டினார். “ஒரு வருஷமா ஒரு புகார்கூட இல்லையே. இவரா வேலை பாத்தார்?”

“நான் பாத்தேன் சார்” என்றார் டியூஷனம்மா. உள்ளங்கை இரண்டையும் காட்டினார்.

சான்றிதழ் கிடைத்தது. அதே தபாலில் இன்னொரு தாளும் வந்தது. அனுமதியில்லாத நபர் பொதுக் குடிநீர் வால்வுகளை ஓராண்டு இயக்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதிலை நான் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியில் எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று பதினோரு பக்கம் இணைத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீடு திரும்பும்போது வால்வுக்காரருக்குக் குழுவும் நினைவில்லை, கேள்வியும் நினைவில்லை. ஆனால் டியூஷனம்மாவோடு சேராமல் சாலையின் எதிர்ப் பக்கமாகத்தான் நடந்தார். டியூஷனம்மா தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொடுத்தால் சாப்பிட்டார்.

“ஏம்ப்பா, அவங்க குடுத்தா என்ன?” என்றேன்.

“அந்தம்மா நல்லவங்க இல்ல சார்.”

“என்ன பண்ணாங்க?”

“தெரியல” என்றார்.

செவ்வாய் மதியத்திலிருந்து சனி மதியம்வரை, பதின்மூன்று வேளை, என் கையால்தான் சாப்பிட்டார். சனிக்கிழமை அதுவும் மறந்துபோனது. அதற்குப்பின் அவர் மனைவியை டீச்சர் என்று கூப்பிடவில்லை. நோய் அந்த வார்த்தை வரைக்கும் வந்துவிட்டதா, கோபம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை அவர் மையத்தில் இருக்கிறார். மூன்று பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள். போன வாரம் ஒன்பதாவது படியில் நின்றபோது மேலே சத்தமே இல்லை. கதவு திறந்திருந்தது. பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். டியூஷனம்மா வாசலுக்கு வந்தார்.

“அண்ணா, எங்கிட்டப் படிச்சுத் தேறாதவங்க நாலு பேருன்னு சொல்லுவேன்ல?”

“ஆமாம்மா.”

“உங்க நோட்டுல அஞ்சுன்னு மாத்திக்குங்க.”

மாற்றிக்கொண்டேன்.